ரேடியோ திருடியவன்

1988ஆம் ஆண்டுப் பொங்கலுக்கு எங்கள் போலீஸ் லைனில் டெக் எடுத்தார்கள். தென்காசிப் பக்கத்துச் சிற்றூர் அது. பதினாறு வீடுகள், ஒரு வேப்பமரம், ஓர் அடிகுழாய். வீட்டுக்குப் பத்து ரூபாய் வசூலித்து, கலர் டிவியும் வீடியோ டெக்கும் வாடகைக்குக் கொண்டுவந்து, மரத்தடியில் பெஞ்சின்மேல் வைத்து விடிய விடியப் படம் போடுவது அக்காலத்து வழக்கம். இரண்டு தமிழ்ப் படங்கள் முடிந்து, பிள்ளைகளில் பாதிப் பேர் பாயில் தூங்கிப்போன பிறகு, பம்பாயில் வேலை பார்த்துவந்த எதிர் வீட்டு அண்ணன் தன் பெட்டியிலிருந்து ஓர் இந்திக் கேசட்டை எடுத்துவந்தார். "போலீஸ் படம், ஏட்டய்யா. நம்ம கதையத்தான் எடுத்திருக்கான்" என்று என் அப்பாவிடம் சொன்னார். நான் அப்போது பத்தாம் வகுப்பு; இந்திப் பிரசார சபையின் பிரவேஷிகாத் தேர்வை எழுதி முடித்திருந்தேன். வசனத்தை நிறுத்தி நிறுத்திச் சொல்ல அண்ணனுக்குப் பொறுமையில்லை என்பதால், மொழிபெயர்க்கும் வேலை என் தலையில் விழுந்தது.

படத்தின் பெயர் ‘அர்த் சத்யா’. பாதி உண்மை என்று பொருள். அதன் கடைசிக் கட்டத்தில் சப் இன்ஸ்பெக்டர் அனந்த் வேலங்கர், அரசியல் செல்வாக்கோடு வளர்ந்துவிட்ட ராமா ஷெட்டி என்னும் தாதாவின் கழுத்தை நெரித்துக் கொல்கிறபோது, லைன் முழுவதும் எழுந்து நின்று கை தட்டியது. விசில் அடித்தவர்களில் பெரும்பாலோர் மறுநாள் காலையில் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு டியூட்டிக்குப் போக வேண்டியவர்கள். அந்த ஆரவாரத்தில் நான் திரும்பிப் பார்த்தேன். அப்பா உட்கார்ந்திருந்த மடக்கு நாற்காலி காலியாக இருந்தது.

அதன் பிறகு அந்தப் படத்தைப் பத்துப் பன்னிரண்டு முறையாவது பார்த்திருப்பேன். ஒவ்வொரு முறையும் நான் காத்திருப்பது கைதட்டல் வாங்கிய அந்தக் கடைசிக் கட்டத்துக்காக அன்று. அதற்குச் சற்று முன்பு வருகிற, யாரும் கை தட்டாத ஒரு லாக்கப் காட்சிக்காக. சட்டம் கைவிட்ட இடத்தில் ஒருவன் தானே தண்டனை கொடுக்கப் புறப்படுகிற கதையை இந்திப் படவுலகம் இந்த நாற்பது ஆண்டுகளில் எத்தனையோ விதமாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் அப்படிப் புறப்படுகிறவனின் முதல் அடி யார்மேல் விழுகிறது என்பதை மறைக்காமல் காட்டிய படங்களில் இதற்கு நிகராக இன்னொன்றை நான் கண்டதில்லை.

1983இல் வெளிவந்த இந்தப் படத்தை இயக்கியவர் கோவிந்த் நிஹலானி. ஒளிப்பதிவாளராக ஷியாம் பெனகலிடம் பணியாற்றி, பின்னர் இயக்கத்துக்கு வந்தவர். மராத்தி எழுத்தாளர் எஸ்.டி. பன்வல்கரின் ‘சூர்யா’ என்ற சிறுகதையை எடுத்துக்கொண்டு, திரைக்கதையை நாடகாசிரியர் விஜய் டெண்டுல்கர் எழுதினார். வேலங்கராக ஓம் புரி, அவர் காதலிக்கும் கல்லூரி விரிவுரையாளர் ஜோத்ஸ்னாவாக ஸ்மிதா பாட்டீல், ராமா ஷெட்டியாக மராத்தி மேடையிலிருந்து வந்த சதாசிவ் அம்ராபுர்கர். ஓம் புரிக்கு இந்த நடிப்பு தேசிய விருதையும், கார்லோவி வாரி திரைப்பட விழாவின் விருதையும் வாங்கித் தந்தது. அம்மைத் தழும்புகள் நிறைந்த அந்த முகத்தில், பேசாமல் விழுங்கிய சொற்களெல்லாம் தாடைக்குக் கீழே முடிச்சாக நிற்பதைப் பார்க்கலாம்.

படம் பிறந்த பம்பாயை நினைத்துப் பார்க்காமல் இதைப் பேச முடியாது. 1982 ஜனவரி 11 அன்று, வடாலாவில் மான்யா சுர்வே என்ற குற்றவாளியை பம்பாய்ப் போலீசார் சுட்டுக் கொன்றார்கள். அந்த நகரத்தின் என்கவுன்டர் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அந்த நாளிலிருந்துதான் தொடங்குகிறார்கள். மறுநாள், சிமென்ட் ஒதுக்கீட்டையும் அறக்கட்டளை நன்கொடையையும் முடிச்சுப்போட்ட வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் மகாராஷ்டிர முதலமைச்சர் ஏ.ஆர். அந்துலேக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அவர் பதவி விலக நேர்ந்தது. அதே மாதம் 18ஆம் தேதி, தத்தா சாமந்த் தலைமையில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஆகஸ்டு மாதத்தில் பம்பாய்க் காவலர்களே கிளர்ந்தெழுந்து தெருவுக்கு வந்தார்கள். நிலைமையை அடக்க வெளியிலிருந்து படைகளை வரவழைக்க வேண்டியிருந்தது. முதலமைச்சர் நீதிமன்றத்தில் தோற்றதும், துப்பாக்கி தீர்ப்பு வழங்கத் தொடங்கியதும், காவலர்கள் தங்கள் குறைகளைச் சொல்ல வழியின்றி வெடித்ததும் ஒரே ஆண்டுக்குள் நடந்தவை. நிஹலானியின் படம் இவற்றில் எதையும் பெயர் சொல்லிக் குறிப்பிடாமலே, அந்த ஆண்டின் மூச்சுத் திணறலை ஓர் எஸ்.ஐ.யின் நெஞ்சுக்குள் கொண்டுபோய் வைத்தது.

கதையில் வேலங்கருக்கு நேருகிறவை எல்லாம் மேலிருந்து வருகிறவை. எரிக்கப்பட்டுக் கிடந்த ஓர் ஆள் சாகும் முன் ராமா ஷெட்டியின் பெயரைச் சொல்கிறான். கைது செய்யப் போன வேலங்கர் ஒரே ஒரு தொலைபேசி அழைப்பால் திருப்பி அனுப்பப்படுகிறார். குடிசைப் பகுதியில் வம்பு செய்தவர்களைப் பிடித்து அடைத்தால், எம்.எல்.ஏ. அவரை சஸ்பெண்ட் செய்யக் கச்சை கட்டுகிறார். மேலதிகாரி ஹைதர் அலி, டெல்லியில் கையுள்ள ஓர் இடைத்தரகரைப் பிடித்து அதைச் சரிக்கட்டுகிறார்; நேர்மையான அதிகாரியைக் காப்பாற்றவும் நேர்மையற்ற வழிதான் இருக்கிறது என்பதை வேலங்கர் அன்று கற்றுக்கொள்கிறார். உயிரைப் பணயம் வைத்துப் பிடித்த கொள்ளைக்காரனுக்கான பெருமை வேறோர் அதிகாரியின் கணக்கில் எழுதப்படுகிறது. இடையில், சஸ்பென்ஷனில் போய்க் குடித்தே அழிந்த மைக் லோபோ என்ற முன்னாள் இன்ஸ்பெக்டர், நசீருதீன் ஷாவின் உருவில், வேலங்கர் நாளை என்னவாகப் போகிறார் என்பதற்குச் சாட்சியாக வந்து நிற்கிறார்.

இதில் மிகை எதுவும் இல்லை என்பதைக் காவல்துறைக் குடும்பத்தில் வளர்ந்தவர்கள் அறிவார்கள். ஓர் அதிகாரியை வழிக்குக் கொண்டுவர யாரும் துப்பாக்கியைத் தூக்க வேண்டியதில்லை. மாறுதல் உத்தரவு ஒன்று போதும். பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வயதான தாயின் மருந்து, வீட்டு வாடகை எல்லாம் அந்த ஒரு தாளில் ஆடிப்போகும். நெருக்கடி நிலைக்குப் பிறகு 1977இல் அமைக்கப்பட்ட தேசியக் காவல் ஆணையம் 1981க்குள் எட்டு அறிக்கைகளைத் தந்து, காவல்துறைமீதான இந்த அரசியல் பிடியைத் தளர்த்தச் சொன்னது. அவை அலமாரியில் உறங்கின. ஓய்வுபெற்ற காவல் அதிகாரி பிரகாஷ் சிங் தொடுத்த வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம் ஏழு கட்டளைகளைப் பிறப்பித்து, முக்கியப் பொறுப்புகளில் உள்ள அதிகாரிகளுக்கு இரண்டாண்டு உறுதியான பதவிக்காலம் வேண்டும் என்றும், மாறுதல்களைத் தீர்மானிக்கத் தனி வாரியம் வேண்டும் என்றும் சொல்ல வேண்டியிருந்தது. படம் வெளிவந்து இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்து!

இனி அந்த லாக்கப் காட்சி. ராமா ஷெட்டி இப்போது மாநகராட்சித் தேர்தலில் வேட்பாளர். தன்னால் தொட முடியாத ஆள், கும்பிட்ட கையோடு மக்கள்முன் நிற்கிறான். வேலங்கர் குடிக்கத் தொடங்கியிருக்கிறார். அந்த நிலையில் நிலையத்தில் அவரிடம் ஒருவன் சிக்குகிறான். ஒரு ரேடியோவைத் திருடியதாக அவன்மேல் சந்தேகம். வேலங்கர் அவனை அடிக்கிறார். விசாரிப்பதற்காகத் தொடங்கிய அடி, பிறகு எதற்காகவும் இல்லாத அடியாக மாறுகிறது. அடிக்கும்போது அவர் சொல்வதைக் கூர்ந்து கேட்க வேண்டும்: அடுத்தவன் உழைத்துச் சேர்த்ததைத் திருடுகிறாயா என்று அந்த எளிய மனிதனைப் பார்த்துக் கேட்டுக் கேட்டு அடிக்கிறார். அந்தச் சொற்களுக்கு உரியவன் ராமா ஷெட்டி. அந்த எம்.எல்.ஏ.வும், வேலங்கரின் பெருமையைத் திருடிக்கொண்ட அந்த இன்னோர் அதிகாரியும் அதற்கு உரியவர்கள். அவர்கள் யாரும் அந்த அறையில் இல்லை. ரேடியோ திருடியவன் இருக்கிறான். அவன் செத்துப்போகிறான்.

படத்தின் முழுப் பாரமும் அந்த அறையில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். மேலே போக முடியாத கோபம், தண்ணீரைப் போலப் பள்ளம் பார்த்துப் பாய்கிறது. நிஹலானியும் டெண்டுல்கரும் இதை 1980இல் ‘ஆக்ரோஷ்’ படத்திலேயே எழுதிப் பார்த்துவிட்டார்கள். அதில் மனைவியைக் கொன்றதாகப் பொய்வழக்கில் சிக்கி, படம் முழுவதும் வாய் திறக்காமல் இருக்கும் பழங்குடிக் கூலியாள், அதே ஓம் புரி, தன் தந்தையின் சிதைக்குப் பக்கத்தில் கோடரியை எடுக்கிறான். அவனுடைய குடியைக் கெடுத்தவர்கள் அவன் கைக்கு எட்டாதவர்கள். தன் மனைவிக்கு நேர்ந்தது தங்கைக்கும் நேர வேண்டாம் என்று, அவன் தங்கையையே வெட்டிவிடுகிறான். வெட்டிய பிறகுதான் அவன் தொண்டையிலிருந்து சத்தம் வருகிறது. அந்தக் கோடரியும் வேலங்கரின் அடியும் ஒரே இடத்திலிருந்து புறப்பட்டவை.

வேலங்கரின் தந்தையையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். அம்ரீஷ் புரி நடித்த அந்த ஓய்வுபெற்ற காவலர், மேற்படிப்பில் ஆசை கொண்டிருந்த மகனைப் பிடித்துத் தள்ளிக் காக்கிக்குள் நுழைத்தவர்; வீட்டில் மனைவியை அடித்தவர். அம்மா அடிபடுவதைத் தடுக்க முடியாமல் நின்ற சிறுவன் வேலங்கரின் உடம்புக்குள் இன்னும் நிற்கிறான். பேருந்தில் ஜோத்ஸ்னாவிடம் ஒருவன் முறைகேடாக நடந்துகொள்ளும்போது, வேலங்கர் அவனைப் புரட்டி எடுப்பதில் அந்தச் சிறுவனின் பழைய கடனும் சேர்ந்திருக்கிறது. ஜோத்ஸ்னா அவர் கையில் கொடுக்கும் திலீப் சித்ரேயின் கவிதை சக்கர வியூகத்தைப் பற்றியது. நமக்கு அபிமன்யுவின் கதை புதிதல்ல. உள்ளே போக வழி தெரிந்து, வெளியே வர வழி தெரியாதவன். ஆனால் கவிஞர் கேட்பது வேறு. நுழைவதற்கு முன் நான் யாராக இருந்தேன் என்பது நுழைந்த பின் நினைவிருக்காது என்கிறார். தராசின் ஒரு தட்டில் ஆண்மையின்மை, மறு தட்டில் ஆண்மை, நடு முள்ளில் பாதி உண்மை என்று அது முடிகிறது. அதை வாசிக்கும்போது ஓம் புரியின் குரல் மெல்ல மெல்லத் தேய்ந்துகொண்டே போகிறது. முதலில் ஏதோ கவிதை படிக்கிறவராகத் தொடங்கியவர், தன்மேல் பதிவான குற்றப்பத்திரிகையைப் படிக்கிறவராக முடிக்கிறார்.

லாக்கப் மரணத்துக்குப் பிறகு நடப்பது, கைதட்டலைக் கசப்பாக்க வேண்டியது. வேலங்கரைக் காப்பாற்றக் கூடியவன் ராமா ஷெட்டி ஒருவன்தான் என்று ஹைதர் அலி சொல்ல, வேலங்கர் அவன் வீட்டுப் படியேறுகிறார். ஆக, அவர் நீதி கேட்டு அங்கே போகவில்லை. தான் செய்த கொலையிலிருந்து தப்பிக்க உதவி கேட்டுப் போகிறார். இனி என் ஆளாக இரு என்று ஷெட்டி விலை சொல்கிற அந்த நிமிடத்தில்தான் அவர் கை அவன் கழுத்துக்குப் போகிறது. பிறகு நேராக நிலையத்துக்கு வந்து சரணடைகிறார். ஒரே கை இரண்டு பேரைக் கொன்றிருக்கிறது. நாங்கள் இரண்டாவதற்கு மட்டும் கை தட்டினோம்.

அந்தப் பொங்கல் இரவில் அப்பா எழுந்து போனது லாக்கப் காட்சியின் நடுவில் என்பதைப் பிறகு அம்மா சொல்லித்தான் அறிந்தேன். ஏன் என்பதை எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எனக்குப் பதினொரு வயது இருக்கும். அப்பா அப்போது வேறொரு நிலையத்தில் ரைட்டர். மதியச் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போனால், வாசலில் பாராக்காரர் "உள்ள போகாத தம்பி, இங்கயே இரு" என்றார். நான் பக்கவாட்டு ஜன்னல் வழியே பார்த்தேன். சுவரோரத்தில் அண்டர்வேரோடு ஒருவர் குந்தவைக்கப்பட்டிருந்தார். சைக்கிள் திருட்டில் பிடித்துவந்த ஆள் என்று பின்னர் தெரிந்தது. இடது கை விரல்களை வலது கைக்குள் பொத்தி, அக்குளில் செருகிக்கொண்டு, குளிரில் நடுங்குகிறவரைப் போல ஆடிக்கொண்டிருந்தார். அது சித்திரை மாதம். அவர்முன்னால் லத்தியோடு நின்றவர் என் அப்பா. வீட்டில் எங்களை ஒரு நாளும் கை நீட்டி அடித்திராத அப்பா. ஜன்னலில் என் தலை தெரிந்ததும் அவர் லத்தியை மேசைக்கு அடியில் வைத்தார். வைத்துவிட்டு, தூக்கை வாங்கிக்கொள்ள வெளியே வரவில்லை. பாராக்காரரிடம் கொடுத்துவிட்டு நான் வீட்டுக்கு வந்தேன்.

அன்று காலையில் என்ன நடந்தது என்பதை, ஓய்வுபெற்று எத்தனையோ வருடங்கள் கழித்து அப்பாவே ஒரு மாலையில் சொன்னார். குடித்துவிட்டு ஜீப்பை ஓட்டி, ஒரு கூலிக்காரரின் காலை முறித்த பெரிய இடத்துப் பையனை முந்தின இரவு அவர்கள் பிடித்து வைத்திருந்தார்கள். விடிந்ததும் போன் வந்தது. எழுதிக்கொண்டிருந்த எஃப்.ஐ.ஆரை நிறுத்தச் சொல்லி, பையனுக்குக் காபி வாங்கிக் கொடுத்து அனுப்பச் சொன்னார்கள். காபி வாங்கிக் கொடுத்தது அப்பாதான். போகிற போக்கில் அந்தப் பையன் அவரை ஒருமையில் பேசிவிட்டுப் போனானாம். இவ்வளவையும் சொல்லிவிட்டு, "அந்தச் சைக்கிள்காரன் தண்ணி கேட்டான். நான் குடுக்கல" என்றார். இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் உள்ள தொடர்பை அவர் வாயால் சொல்லவில்லை. அடுத்தடுத்துச் சொன்னார், அவ்வளவுதான்.

என் அப்பாவை நல்லவர் என்று நிறுவுவதற்காக இதை எழுதவில்லை. அவர்மேல் எனக்கு இருக்கும் அன்பு குறைவுபடாமலே, அந்த விரல்களுக்கு அவர்தான் பொறுப்பு என்று எழுதுகிறேன். போனில் பேசியவருக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் லத்தியைப் பிடித்தது போன் அல்ல.

‘அர்த் சத்யா’வுக்குப் பின் வந்த படங்கள் இந்தக் கணக்கை எளிதாக்கிக்கொண்டன. மறு ஆண்டே வந்த ‘இன்குலாப்’ படத்தில், போலீசாக இருந்து முதலமைச்சராகும் அமிதாப் பச்சன் தன் அமைச்சரவைக் கூட்டத்திலேயே ஊழல் அமைச்சர்களைச் சுட்டுத் தள்ளினார். தமிழில் 2002இல் வந்த ‘ரமணா’வை 2015இல் ‘கப்பர் இஸ் பேக்’ என்று இந்தியில் எடுத்தபோது, லஞ்சம் வாங்கும் அதிகாரிகளை ஒரு பேராசிரியர் கடத்தித் தண்டிப்பதற்குத் திரையரங்குகள் ஆரவாரம் செய்தன. ‘சத்யமேவ ஜெயதே’ என்ற 2018ஆம் ஆண்டுப் படத்தில் ஊழல் போலீசார் தீயில் கருகினார்கள். இந்தப் படங்களின் நாயகனுக்குக் குறி தவறுவதில்லை. அவன் கோபம் எப்போதும் மேல்நோக்கியே போய், உரியவன்மேல் மட்டுமே விழுகிறது. ரேடியோ திருடியவன் இந்தக் கதைகளில் குறுக்கே வருவதே இல்லை. லஞ்சத்தால் நொந்தவர்களுக்கு அந்த இரண்டரை மணி நேரம் ஆறுதலாக இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. நானும் அப்படிப் பார்த்து ஆறுதல் அடைந்திருக்கிறேன். என் மனத்தாங்கல் என்னவென்றால், அந்த ஆறுதல் ஒரு பொய்யை உள்ளடக்கியது.

வெளியே உண்மை வேறாக இருந்தது. பீகாரின் பாகல்பூரில் 1979, 80ஆம் ஆண்டுகளில் முப்பதுக்கும் மேற்பட்டவர்களின் கண்களைக் குத்தி, அமிலம் ஊற்றிக் குருடாக்கினார்கள் போலீசார். செய்தி வெளியாகி நடவடிக்கை தொடங்கியபோது, அந்த ஊரில் போலீசாருக்கு ஆதரவாக மக்கள் ஊர்வலம் போனார்கள். குருடாக்கப்பட்டவர்களில் ராமா ஷெட்டிகள் இருந்ததாக யாரும் சொல்லவில்லை. வக்கீல் வைக்க வழியில்லாத விசாரணைக் கைதிகள் அவர்கள். பிரகாஷ் ஜா 2003இல் எடுத்த ‘கங்காஜல்’ இந்தக் கொடுமையிலிருந்து கிளைத்தது. வேலங்கரின் நகரத்திலேயே, 1995க்கும் 1997க்கும் இடையில் 99 என்கவுன்டர்களில் ஏறக்குறைய 135 பேர் இறந்தது பற்றிய வழக்கில்தான், 2014இல் உச்ச நீதிமன்றம் என்கவுன்டர் மரணங்களை விசாரிக்க 16 விதிமுறைகளை வகுத்தது. ஐந்தாண்டுகள் கழித்து, 2019 டிசம்பர் 6 அன்று, ஹைதராபாத் அருகே பாலியல் கொலை வழக்கில் கைதான நால்வரைப் போலீசார் சுட்டுக் கொன்றபோது, பாலத்தின் மேலிருந்து மக்கள் அந்தப் போலீசார்மேல் பூத் தூவினார்கள். கொல்லும் நோக்கத்தோடு சுட்டார்கள் என்று உச்ச நீதிமன்றம் அமைத்த ஆணையம் 2022இல் சொன்னபோது, பூத் தூவியவர்கள் வீட்டுக்குப் போய் வெகு நாளாகியிருந்தது. அந்தப் பூக்களைத் தொலைக்காட்சியில் பார்த்த இரவில், வேப்பமரத்தடிக் கைதட்டல் என் காதில் திரும்பக் கேட்டது. அதில் என் கையும் இருந்தது.

பொங்கலுக்கு மறுநாள் காலை, மாட்டுப்பொங்கல் பந்தோபஸ்துக்குப் போக அப்பா தயாராகிக்கொண்டிருந்தார். திண்ணையில் செய்தித்தாளை விரித்து, பெல்ட்டின் பித்தளை பக்கிளை பிராஸோ போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பல் துலக்கிக்கொண்டிருந்தேன். படத்தைப் பற்றி லைனில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். எதிர் வீட்டு அண்ணன், ராமா ஷெட்டியின் கழுத்தை நெரித்த விதத்தை அடிகுழாயடியில் நடித்தே காட்டிக்கொண்டிருந்தார். அப்பா அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"ஏலே, அந்த ரேடியோக்காரப் பய என்ன ஆனான்?" என்று கேட்டார்.

"செத்துட்டான்பா" என்றேன்.

அப்பா துணியை மறுபடியும் பிராஸோவில் தொட்டு, ஏற்கெனவே பளபளத்துக்கொண்டிருந்த அந்த பக்கிளையே தேய்க்கத் தொடங்கினார்.